பெடல் வைத்த மோட்டார் சைக்கிள்



இந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் குடியிருக்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பையனுக்குப் பதினேழு வயது ஆகிவிட்டது. கியர் வைத்த 125 சிசி பைக்தான் வேண்டும் என்று நிற்கிறான். அவன் அம்மா, ஓட்டியே ஆக வேண்டுமென்றால் கியர் இல்லாத ஸ்கூட்டர் போதும் என்கிறார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

நான் வரலாற்று வாத்தியார், மெக்கானிக் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது வரலாற்றுக் கேள்விதான். அந்த நாட்டில் பதினேழு வயதுப் பிள்ளை 125 சிசிக்கு மேல் தொடக்கூடாது என்று யார், எப்போது, எதற்காகச் சொன்னார்கள்? 15 குதிரைத்திறன் என்ற எண் எங்கிருந்து வந்தது? கடையில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் உருவத்தைத் தீர்மானித்தது கம்பெனி மட்டும் இல்லை, சட்டமும்தான். அந்தக் கதை தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

1950களின் பிரிட்டனுக்குப் போவோம். போர் முடிந்து பத்து வருடம். வேலைக்குப் போகும் இளைஞர்கள் கையில் பணம் புழங்கத் தொடங்கியிருந்தது. கார் எட்டாது, மோட்டார் சைக்கிள் எட்டும், அதுவும் தவணையில். டிரையம்ஃப், பிஎஸ்ஏ, நார்ட்டன், ராயல் என்ஃபீல்டு எல்லாம் உள்ளூர்த் தயாரிப்புகள். லண்டனின் வடக்குச் சுற்றுச் சாலையில் ஏஸ் கஃபே என்று லாரிக்காரர்கள் சாப்பிடும் கடை ஒன்று இருந்தது. இரவானால் பைக் பையன்கள் அங்கே கூடுவார்கள். மணிக்கு 100 மைல், அதாவது நம் கணக்கில் 160 கிலோமீட்டர், தொட்டுவிட்டால் அதற்கு 'டன்' அடித்தான் என்று பெயர். பொதுச் சாலையில்தான் இதெல்லாம்.

அன்றைய சட்டப்படி பதினாறு வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டு எந்த சிசி வண்டியிலும் ஏறலாம். 650 சிசி ஆனாலும் கேட்க ஆள் இல்லை. ஹெல்மெட் கட்டாயம் இல்லை, பயிற்சியும் கட்டாயம் இல்லை. பிள்ளைகள் சாலையில் செத்துக்கொண்டிருந்தார்கள், பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. அரசாங்கம் 1961இல் முதல் கோட்டைப் போட்டது: பழகுநர் 250 சிசிக்கு மேல் ஓட்டக்கூடாது. பக்கத்தில் சைடு கார் பூட்டினால் மட்டும் விலக்கு. உடனே சில பையன்கள் பெரிய வண்டிக்குப் பக்கத்தில் வெறும் சட்டத்தைப் பூட்டி, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். மூன்றாவது சக்கரம் இருக்கிறது அல்லவா, சட்டத்துக்கு அது போதும்.

சட்டம் சிசியை மட்டுமே எண்ணியது. வேகத்தையும் சக்தியையும் எண்ணவில்லை. கம்பெனிகள் இதைக் கவனித்துவிட்டன. இந்த இடத்தில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று வருகிறது.

ராயல் என்ஃபீல்டு என்றால் நமக்குத் திருவொற்றியூர். ஆனால் தாய்க் கம்பெனி இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்தது. மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவை உண்டாக்கினார்கள். இங்கே நாம் 350 சிசி புல்லட்டைச் செய்துகொண்டிருந்த காலத்தில், அங்கே தாய்க் கம்பெனி எல் போர்டு பையன்களைக் குறிவைத்து 1964இல் கான்டினென்டல் ஜிடி என்ற 250 சிசி வண்டியை இறக்கியது. சிவப்பு டேங்க், தாழ்ந்த ஹேண்டில் பார், அந்தக் காலத்தில் அபூர்வமான ஐந்து கியர். அதாவது பழகுநர் ஓட்டுவதற்கென்றே ஒரு பந்தய வண்டி! ஸ்காட்லாந்தின் வடகோடியான ஜான் ஓ'கிரோட்ஸில் இருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்ட் வரை, பத்திரிகைக்காரர்களை மாறி மாறி ஓட்டவைத்து 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து விளம்பரம் செய்தார்கள். வண்டி பேசப்பட்டது, ஆனால் கம்பெனி பிழைக்கவில்லை. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது, 1970இல் மிச்சமும் நின்றது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் வாழ்ந்து, 1977இல் பிரிட்டனுக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. தாய் வீட்டுக்குப் பிள்ளை சீர் அனுப்பிய கதை இது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின் பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

1971 டிசம்பரில் பிரிட்டன் அரசாங்கம் இரண்டாவது கோட்டைப் போட்டது. போக்குவரத்து அமைச்சர் ஜான் பெய்ட்டன். இனி மோட்டார் சைக்கிள் ஓட்டப் பதினேழு வயது ஆக வேண்டும். பதினாறு வயதுக்காரர்கள் மொபெட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மொபெட் என்றால் என்ன? 50 சிசிக்கு உட்பட்ட எஞ்சின், மிதித்தால் வண்டி நகரும்படியான பெடல். சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது நம் லூனா மாதிரி ஒரு வண்டி, பையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்வரும் சாதனம். அது எத்தனை கியர் வைத்திருக்கலாம், எவ்வளவு வேகம் போகலாம் என்று எழுத வேண்டிய தேவையே அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஜப்பான்காரனுக்கும் இத்தாலிக்காரனுக்கும் தோன்றியது.

யமஹாவிடம் ஏற்கெனவே ஒரு 50 சிசி மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் ஒரு ஜோடி பெடலைப் பொருத்தி எஃப்எஸ்1-இ என்று பெயரிட்டு 1973இல் பிரிட்டனில் விற்றார்கள். பையன்கள் செல்லமாக 'ஃபிஸ்ஸி' என்றார்கள். 49 சிசி, டூ ஸ்ட்ரோக், காலால் மாற்றும் நான்கு கியர், கிளட்ச், ஒழுங்கான பெட்ரோல் டேங்க், கிட்டத்தட்ட ஐந்து குதிரைத்திறன். எடை எழுபது கிலோ சொச்சம். நல்ல சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டும். பெடல் எதற்கு? சட்டத்துக்காக. இரண்டு பக்கத்துப் பெடலையும் முன்னால் கொண்டுவந்து பூட்டிவிடலாம், அப்போது அவை வெறும் ஃபுட்ரெஸ்ட். பூட்டை விடுவித்தால் சைக்கிள் போல மிதிக்கலாம். மிதித்துப் பார்த்தவன் இரண்டாம் தடவை மிதிக்க மாட்டான் என்பது வேறு விஷயம். அது மிதிப்பதற்காகச் செய்த வண்டி இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது மொபெட். அதை ஓட்டும் பதினாறு வயதுப் பிள்ளையின் கண்ணில் அது மோட்டார் சைக்கிள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த டூ ஸ்ட்ரோக் சத்தமும் எண்ணெய் கலந்த புகை வாசனையும் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் பாதி அளவில் ஒரு வண்டி, அதுவும் பதினாறாவது பிறந்தநாள் காலையில் வாசலில் நின்றால் எப்படி இருக்கும்! யமஹா தனியாகவும் இல்லை. சுசுகி ஏபி50 வந்தது. ஹோண்டா எஸ்எஸ்50 வந்தது, அது ஃபோர் ஸ்ட்ரோக், சாதுவான பிள்ளை. இத்தாலியில் இருந்து கிலேரா, கரெல்லி, ஃபாண்டிக். ஃபாண்டிக் ஒன்றில் ஆறு கியர்! ஆறு கியர் போட்ட மொபெட்டை எந்தச் சட்ட அலுவலர் கனவில் கண்டிருப்பார்? இந்த வகைக்கே 'சிக்ஸ்டீனர் ஸ்பெஷல்' என்று பெயர் வந்துவிட்டது. ஒரு சட்டப்பிரிவு தன்னையறியாமல் ஒரு தலைமுறையின் வண்டியைப் பெற்றெடுத்தது.

இதை வெறும் தந்திரம் என்று நான் ஒதுக்க மாட்டேன். பிரிட்டனில் கிராமத்துப் பிள்ளைகள், வேலை பழகப் போகும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அந்த 50 சிசிதான் பஸ் இல்லாத நேரத்தில் தொழிற்சாலைக்குப் போகும் வழி. கிளட்ச் பிடிக்கவும் கியர் மாற்றவும் கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்கவும் அதில்தான் கற்றார்கள். கற்ற பிறகு அதன் சைலன்சரை நோண்டவும் செய்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஹெல்மெட் அங்கே கட்டாயமானதும் அதே 1973இல்தான், ஜூன் மாதம். தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு 1976இல் தனிச்சட்டம் போட்டு விலக்குக் கொடுத்தார்கள். அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஓட்டையை அடைக்க அரசாங்கத்துக்கு ஆறு வருடம் ஆயிற்று. 1977 ஆகஸ்ட் 1 முதல் புதிய விளக்கம்: மொபெட் மணிக்கு 30 மைலுக்கு மேல், அதாவது 48 கிலோமீட்டருக்கு மேல், போகாதபடி செய்யப்பட்டிருக்க வேண்டும். பெடல் இனித் தேவையில்லை. வேடிக்கையைப் பாருங்கள்: ஆறு வருடம் கட்டாயமாக இருந்த பெடலால் ஒரு பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்பதை, அதை நீக்கிய அன்றே அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் பதிவான பழைய ஃபிஸ்ஸிகளைப் பதினாறு வயதுக்காரர்கள் தொடர்ந்து ஓட்டலாம். ஒரே உருவம், இரண்டு வேகம். பழையதற்கு எப்படிக் கிராக்கி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையே பதினேழு வயதுக்காரர்களின் பக்கம் இன்னும் மோசம். அவர்களுக்கு 1961இன் 250 சிசி கோடு அப்படியே இருந்தது. அந்தக் கோட்டுக்குள் ஜப்பான் கம்பெனிகள் என்னென்ன திணித்தன தெரியுமா? யமஹா ஆர்டி 250. அதற்குமேல் 1978இல் சுசுகி எக்ஸ்7, மணிக்கு 100 மைல் போகும் 250 என்றே விளம்பரம். ஏஸ் கஃபே பையன்கள் 650 சிசியில் அடித்த 'டன்', இப்போது நேற்று எல் போர்டு வாங்கிய பையனுக்குச் சட்டப்படியே கிடைத்தது. 1961இல் 250 என்றால் பெரும்பாலும் சாதுவான வண்டி, 1978இல் அதே 250 வேறு மிருகம். எண் மாறவில்லை, எண்ணுக்குள் இருந்த பொருள் மாறிவிட்டது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

1981இன் போக்குவரத்துச் சட்டம் இதற்குப் பதில். பழகுநருக்கு இனி 125 சிசி, அதுவும் 12 குதிரைத்திறனுக்குள். தேர்வு இரண்டு பகுதி. பழகுநர் லைசென்ஸைக் காலத்துக்கும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது, இரண்டு வருடத்தில் தேற வேண்டும். 125 சிசி வரம்பு 1983 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் தடவையாகச் சட்டம் எஞ்சினின் அளவோடு அதன் சக்தியையும் எண்ணியது. கம்பெனிகள் என்ன செய்தன? யமஹா ஆர்டி 125 எல்சி போன்ற துடியான வண்டிகளை, மூச்சை அடக்கி 12 குதிரைத்திறனாக்கி விற்றன. அடக்கியதை அவிழ்ப்பது எப்படி என்பதைப் பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். அவிழ்த்த நிமிடம் அது பழகுநர் வண்டி இல்லை, இன்சூரன்ஸும் செல்லாது. விபத்து நடந்த பிறகுதான் பல வீடுகளில் இது தெரியவரும்.

எல்லாக் கோடுகளிலும் விட்டுப்போன ஒன்றை 1990 டிசம்பர் 1 அன்றுதான் சேர்த்தார்கள். ஓட்டுபவனுக்குப் பயிற்சி! தனியாகச் சாலையில் இறங்குமுன் ஒரு பயிற்றுநரிடம் அடிப்படைப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். முப்பது வருடம் வண்டியையே அளந்துகொண்டிருந்துவிட்டு, கடைசியில் அதன் மேல் உட்காரும் பிள்ளையைப் பார்த்தார்கள். ஆசிரியர் என்ற முறையில் இதற்காக நான் கொஞ்சம் கோபப்படலாம் என்று நினைக்கிறேன்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990களில் ஐரோப்பிய விதிகளோடு இணைந்து வரம்பு 11 கிலோவாட் ஆனது, அதாவது 15 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. 2013 முதல் எடையும் கணக்கில் வந்தது: ஒரு கிலோ எடைக்கு 0.1 கிலோவாட்டுக்கு மேல் கூடாது. கணக்குப் போட்டால், முழு 11 கிலோவாட் வேண்டுமென்றால் வண்டி 110 கிலோவாவது இருக்க வேண்டும். பதினாறில் 50 சிசி, பதினேழில் 125, பத்தொன்பதில் 35 கிலோவாட் வரை, அதற்குமேல் முழு லைசென்ஸ் என்று படிக்கட்டாக வைத்துவிட்டார்கள். அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். அதுவரை எல் போர்டு கட்டாயம், மோட்டார்வேயில் ஏறக்கூடாது, டபுள்ஸ் போகக்கூடாது.

நம் ஊர்ச் சட்டம் இதே கேள்விக்கு வேறு பதில் சொன்னது. 1988இன் மோட்டார் வாகனச் சட்டம் முதலில் சிசியைப் பார்க்கவில்லை, கியரைப் பார்த்தது. பதினாறு வயதில் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம், கியர் வேண்டுமென்றால் பதினெட்டு. அதனால்தான் ஓசூர் டிவிஎஸ் 50யும் பஜாஜ் சன்னியும் மாணவர் வண்டிகளாயின. என்ஃபீல்டு இந்தியாவே கியர் வைத்து எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு 50 சிசி வண்டி செய்தது. அதே 50 சிசிதான், ஆனால் கியர் இருந்ததால் பதினாறுக்கு ஆகாது. 1994இல் திருத்தி 50 சிசி வரை என்றார்கள். இன்று புதிதாகப் பெட்ரோல் 50 சிசி வண்டியே சந்தையில் இல்லை. பிரிவு இருக்கிறது, வண்டி இல்லை. ஆனாலும் நம் தெருக்களில் பிளஸ் ஒன் பிள்ளைகள் 150 சிசியில் பறக்கிறார்கள். உறவினர்களுக்காக ஒரு வரி: 2019 திருத்தத்துக்குப் பிறகு, வயது வராத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் வண்டி கொடுத்த பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சித்தப்பா வண்டியானாலும் இதேதான், உரிமையாளர் பொறுப்பு.

சரி, குராய்டன் கேள்விக்கு வருகிறேன்.

கியரா, ஸ்கூட்டரா என்பதில் பையன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு எழுதித் தேறினால் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான் லைசென்ஸ். கியர் வண்டியில் தேறினால் இரண்டும் ஓட்டலாம். மேலே படியேற நினைக்கும் பிள்ளைக்குக் கியரில் தொடங்குவதே சரி. இதை அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எந்த வண்டி என்பதில் நான் அம்மா பக்கம். 125 என்ற எண்ணுக்குள் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, வரம்பின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் 15 குதிரைத்திறன் வண்டிகள், பந்தய வண்டி உடையில். கேடிஎம் 125 டியூக், யமஹா ஆர்125 இந்த வகை. கான்டினென்டல் ஜிடியின் பேரப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வேலைக்காக வடிவமைத்த சாதுவான வண்டிகள். இதன் மூதாதை ஹோண்டா சிஜி125. பராமரிப்பு சரியாகக் கிடைக்காத நாடுகளில் தினமும் உழைக்கட்டும் என்று 1970களில் செய்தது, செயினைக்கூடப் பெட்டிபோட்டு மூடியிருப்பார்கள். பாகிஸ்தானில் இன்றும் தயாராகிறது. ஏழை நாடுகளுக்காகச் செய்த அந்த வண்டிதான் பிரிட்டனில் முப்பது வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் செல்லப்பிள்ளை. கீழே போட்டாலும் எழுந்து நிற்கும், பழகுபவனை மன்னிக்கும். அதன் வழியில் வந்தவை யமஹா ஒய்பிஆர்125, ஹோண்டா சிபிஎஃப்125. இந்த வகையில் பழைய வண்டி ஒன்று, கால் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றும் உயரத்தில், சைலன்சரிலோ கார்புரேட்டரிலோ யாரும் கைவைக்காததாகப் பார்த்து வாங்குங்கள். பைக் விலையைக் கேட்பதற்கு முன்னால் பதினேழு வயதுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள், பல ஆசைகள் அங்கேயே அடங்கிவிடும். மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட். இன்னும் மிச்சம் இருந்தால், கட்டாயப் பயிற்சிக்கு மேல் இன்னொரு நாள் பயிற்சி.

இரண்டு ஜாதியிலும் இந்தியாவின் கை இருக்கிறது என்பது கூடுதல் செய்தி. 2009இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சிபிஎஃப்125 ஹரியானாவில் செய்தது. 2011இல் வந்த 125 டியூக், புனே பக்கத்தில் சாக்கனில் பஜாஜ் செய்தது.

பதிவை முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். எக்ஸ்ப்ளோரர் 50 ஓட்டியவர்கள், அல்லது திருவொற்றியூர் ஆலையில் அப்பாவோ பெரியப்பாவோ வேலை பார்த்தவர்கள் நம்மில் இருந்தால் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். அந்தச் சின்ன வண்டிகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு, ஓட்டியவர்கள் நிறையப் பேர் இன்னும் இருக்கிறீர்கள்.